பிளானில் பார்க்கிங், தரையில் ஷட்டர்: இந்த பிளாட்டை வாங்கலாமா?

கேள்வி: சென்னை மேடவாக்கம் பக்கம் 3 கிரவுண்டு இடத்தில் ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும், வண்டி நிறுத்தும் தரைத்தளம்) + 3 மாடி, மொத்தம் 12 வீடுகள். இரண்டாம் மாடியில் ஒன்றைப் பேசி வைத்திருக்கிறோம். கார் பார்க்கிங்குக்குத் தனியாக 4 லட்சம் கேட்கிறார் பில்டர். அது பத்திரத்தில் வராதாம், லெட்டர்பேடில் அலாட்மென்ட் லெட்டர் மட்டும் தருவாராம். ஸ்டில்ட்டில் ரோட்டோரமாகச் சுவர் எழுப்பி ஷட்டர் போட்டிருக்கிறார்கள். கேட்டால், "மளிகைக் கடை வரும் சார், உங்களுக்குத்தானே வசதி" என்கிறார். இதில் சிக்கல் உண்டா?

பதில்: உண்டு. 4 லட்சத்தைவிட அந்த ஷட்டர்தான் பெரிய சிக்கல்.

தமிழ்நாட்டில் இப்போது நடைமுறையில் இருப்பவை 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி, கட்டட விதிகள். வீடுகளின் எண்ணிக்கையையும் பரப்பையும் வைத்து, மனைக்குள்ளேயே இத்தனை வண்டிகளுக்கு இடம் விட வேண்டும் என்று அவை சொல்கின்றன. அந்தக் கணக்கை நீங்கள் போட வேண்டியதில்லை. ஒப்புதல் பெற்ற பிளானில் பரப்பளவு அட்டவணை இருக்கும். அதில் பார்க்கிங் எத்தனை தேவை, எத்தனை தரப்படுகிறது என்று எழுதியிருப்பார்கள். மனை 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டுக்கு மேல் இருப்பதால் உங்கள் கட்டடம் ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் பதிவுக்குள் வருகிறது. பதிவு எண்ணை வாங்கி, பில்டர் காட்டும் பிளானும் ரெரா பதிவில் கொடுத்திருக்கும் பிளானும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பிளானில் அந்த மூலை கார் நிறுத்துமிடமாக இருந்தால், கடை மூன்று வகையில் இடிக்கும். முதலில், பார்க்கிங் எண்ணிக்கை குறைகிறது. அடுத்து, கடைக்கென்று தனியாக வேறு பார்க்கிங் தேவைப்படலாம். மூன்றாவதைத்தான் பலரும் யோசிப்பதில்லை. வண்டி நிறுத்தும் இடம் என்பதால்தான் ஸ்டில்ட்டை எஃப்.எஸ்.ஐ. கணக்கில் (மனையின் அளவுக்கு ஏற்ப எவ்வளவு பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) சேர்ப்பதில்லை. சுவர் வைத்துக் கடையாக்கினால் அந்தப் பரப்பு கணக்குக்குள் வந்துவிடும். மேலே அனுமதித்த அளவை முழுக்கக் கட்டியிருந்தால் கட்டடமே விதிமீறல் ஆகிவிடும். மீட்டர் அறை, வாட்ச்மேன் அறை மாதிரி சின்னச் சின்ன இடங்களுக்கு விலக்கு இருக்கிறது. மளிகைக் கடை அந்தப் பட்டியலில் இல்லை.

1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டப்படி நோட்டீஸ் கொடுக்கவும் பூட்டி சீல் வைக்கவும் அதிகாரிகளால் முடியும். அப்போது பில்டர் அடுத்த சைட்டில் இருப்பார், அலைவது நீங்கள் 12 பேரும்தான்.

சரி, 4 லட்சத்துக்கு வருவோம். மும்பை தகிசர் அடுக்ககம் ஒன்றின் வழக்கில், ஸ்டில்ட் பார்க்கிங்கைத் தனி யூனிட்டாக பில்டர் விற்க முடியாது, அது பொது இடம் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை ஒட்டிய தீர்ப்பு. 2016ஆம் ஆண்டின் ரெரா சட்டமோ, கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருந்தால்தான் கராஜ் என்கிறது. திறந்தவெளி பார்க்கிங் பொது இடம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஸ்டில்ட்டுக்குக் கூரை உண்டு, சுவர் கிடையாது. அந்த இடைவெளியில்தான் "கவர்டு கார் பார்க்" என்று காசு வாங்குவது ஓடிக்கொண்டிருக்கிறது. சண்டை போட்டுப் பணத்தைக் குறைக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டாலும் லெட்டர்பேடை மட்டும் ஏற்காதீர்கள். பார்க்கிங் எண், அளவு, எங்கே இருக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் பதிவாகும் ஒப்பந்தத்தில் வரட்டும், ஸ்டில்ட் வரைபடத்தில் உங்கள் இடத்தைக் குறித்து அதோடு இணைக்கச் சொல்லுங்கள். மற்ற 11 பேருக்கும் எந்த எண் என்று கேளுங்கள். ஒரே எண்ணை இரண்டு பேருக்குக் கொடுத்த லெட்டர்களை என் மேஜையிலேயே பார்த்திருக்கிறேன்.

அப்புறம், அளந்து பாருங்கள். ஒரு கார் இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் இருக்க வேண்டும். டூவீலருக்கு 1 மீட்டருக்கு 1.8 மீட்டர். பிளானில் தூண் ஒரு சின்னக் கறுப்புக் கட்டம். நேரில் போனால் அது உங்கள் இடத்துக்குள் 40 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். இன்னோவா கிறிஸ்டாவின் அகலம் 1.83 மீட்டர். மிச்சம் 27 செ.மீ.தான். காரை உள்ளே விட்டுவிடலாம், நீங்கள் எப்படி இறங்குவீர்கள்? இன்னொருவர் காரை எடுத்தால்தான் உங்கள் கார் வெளியே வரும் என்கிற மாதிரி இடத்துக்கும் முழு விலை கொடுக்காதீர்கள்.

கடைசித் தவணையைப் பணிநிறைவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கு முந்தைய நாள் சுவர் காணாமல் போய், சான்றிதழ் வந்த மறு வாரம் திரும்ப முளைப்பதும் நடக்கிறது. அதனால் சாவி வாங்கும் அன்று பிளான் நகலோடு ஸ்டில்ட்டில் இன்னொரு சுற்று நடங்கள். டேப் 5 மீட்டர் டேப்பாக இருக்கட்டும், வீட்டில் கிடக்கும் 3 மீட்டர் டேப் பத்தாது.