சும்மா கிடக்கிறதா அந்தக் காடு?

கேள்வி: ராஜஸ்தானில் ஜெய்சல்மேர் பக்கம் சும்மா கிடக்கிற பொட்டல் காட்டில் சூரிய மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சியிருக்கிற நூறு, நூற்றைம்பது கானமயில்களுக்காக (கிரேட் இந்தியன் பஸ்டர்ட் என்ற பெரிய பறவை) அதற்கு ஏன் முட்டுக்கட்டை? பிடித்துக் கூண்டில் வளர்த்தால் போதாதா? (வாசகர், நாமக்கல்)

பதில்: கூண்டைப் பற்றி அப்புறம் பேசலாம். 'சும்மா' என்று எழுதிவிட்டீர்களே, அந்த வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உழாத நிலம் சும்மா கிடக்கிறது என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தது வரி வசூல். தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று இன்றைக்கும் நம் வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவரைக் கேட்டு எழுதியிருந்தால் அந்த நிலத்துக்கு வேறு பெயர் கிடைத்திருக்கும்.

நீங்கள் பொட்டல் என்று சொல்லும் இடத்தில் சேவண் புல் வளர்கிறது. ஆடு, மாடு, ஒட்டகம் எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. 'ஓரண்' என்று சாமிக்கு விட்டுவைத்த மேய்ச்சல் நிலங்களை அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். கானமயில் அங்கே வெட்டுக்கிளியும் வண்டும் ஓணானும் இலந்தைப் பழமும் தின்று, கூடுகூடக் கட்டாமல் வெறும் தரையில் முட்டையிடும். பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை. இவ்வளவும் நடக்கிற இடம் எப்படிச் சும்மா கிடக்கும்?

நீங்களே 'காடு' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கம் மானாவாரி நிலத்துக்குப் போகிறவர் "காட்டுக்குப் போறேன்" என்றுதானே சொல்கிறார்? மரம் இருந்தால்தான் காடு என்ற எண்ணம் நமக்குப் பிற்பாடு வந்தது. புல்வெளியில் மரம் நடாதீர்கள் என்று முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது கோபமாகப் பல கடிதங்கள் வந்தன. இப்போதும் அதையேதான் சொல்கிறேன். திறந்த வெளியில் வாழப் பழகிய பறவை இது. அங்கே மரத்தை அடர்த்தியாக வளர்த்தால், தூரத்தில் வரும் நரி அதன் கண்ணில் படாது.

மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சிக்கல் அதைக் கொண்டுபோகும் கம்பியில் இருக்கிறது; பறக்கும் கானமயில் அதில் மோதிச் சாகிறது. கானமயிலின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. கம்பியைக் கிட்டத்தில் பார்த்தாலும், 15 கிலோ வரை எடையுள்ள உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. ஆண்டுக்கு ஒரு முட்டை இடுகிற இனத்தில் ஒரு தாய்ப்பறவை அடிபட்டுச் செத்தால் அதை ஈடுகட்டவே பல வருடம் ஆகும். கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொல்லி 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. பறவை நடமாடும் இடங்களிலாவது கம்பியைப் புதைக்க வேண்டும், அல்லது வேறு வழியாகத் திருப்ப வேண்டும். செலவு கூடும்தான். அந்தச் செலவும் மின்சாரத்தின் விலையில் சேர வேண்டியதே.

சரி, கூண்டு. ஜெய்சல்மேர் அருகே சாம் என்ற ஊரில் 2019 முதல் அந்த வேலையும் நடக்கிறது. புல்வெளியிலிருந்து முட்டைகளை எடுத்துவந்து பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்க்கிறார்கள். அருமையான வேலை, பொறுமை வேண்டிய வேலை. ஆனால் அந்தக் குஞ்சுகளை ஒருநாள் திறந்துவிட வேண்டுமே. அன்றைக்கு அவற்றுக்கு, நீங்கள் சும்மா கிடக்கிறது என்கிற அதே காடுதான் வேண்டும்.