டெக்னாலஜி கான்ஃபரன்ஸுக்குப் போனதுல இன்னோவேஷன், மார்க்கெட்டிங் பத்தி நீங்க என்ன கத்துக்கிட்டீங்க?

நான் போனது ஸ்டால் போட்ட ஆளா, அதனால என் பதில் முழுக்க மூணு நாள் அந்த ஸ்டால்ல நின்ன அனுபவத்துலேர்ந்துதான் வரும்.

நாங்க ஒரு சின்ன டீம். மோட்டார், பம்ப் மேல ஒட்டுற மாதிரி ஒரு சென்சார் பண்ணியிருந்தோம், மெஷின் எப்படி அதிருதுன்னு அது கவனிச்சுக்கிட்டே இருக்கும், பேரிங் (சுத்துற தண்டைத் தாங்குற வளையம்) தேய ஆரம்பிச்சா அந்த அதிர்வுக்குள்ள புதுசா ஒரு ஃப்ரீக்வென்சி எட்டிப்பாக்கும், அதைப் பிடிச்சு முன்கூட்டியே எச்சரிக்கும். ரெண்டு வருஷ உழைப்பு. பேனர்ல பெரிய எழுத்துல 'எட்ஜ் ஏஐ ப்ரெடிக்டிவ் மெயின்டனன்ஸ் ப்ளாட்ஃபார்ம்'னு அடிச்சிருந்தோம். முதல் நாள் முழுக்க நான் தொண்டை கட்டப் பேசினேன், வந்தவங்க தலையாட்டினாங்க, "சூப்பருங்க"ன்னாங்க, போயிட்டாங்க. ஒருத்தர்கூட ஒரு கேள்வி கேக்கல. அந்த 'சூப்பர்' வெறும் மரியாதைக்குச் சொல்றதுன்னு எனக்குப் புரியவே சாயங்காலம் ஆயிடுச்சு.

ரெண்டாவது நாள் காலைல ஒருத்தர் வந்தாரு. ஃபேக்டரி மெயின்டனன்ஸ்ல ரொம்ப வருஷம் இருந்தவர்னு கையைப் பாத்தாலே தெரிஞ்சுது. ஸ்க்ரீன்ல ஓடுற கிராஃப் பக்கம் அவர் திரும்பவே இல்ல. டெமோவுக்கு ரெண்டு மோட்டார் ஓடவிட்டிருந்தோம், ஒண்ணுல வேணும்னே பழுதான பேரிங் போட்டிருந்தோம். மேஜை மேல கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்தாரு, முனையை மோட்டாரோட பேரிங் பக்கம் வெச்சாரு, கைப்பிடியைக் காதுல அழுத்திக்கிட்டு கண்ணை மூடிக்கிட்டாரு. அடுத்த மோட்டார்லயும் அதே மாதிரி. "சார், இதுல பேரிங் போயிட்டிருக்கே"ன்னாரு. அப்புறம்தான் எங்க ஸ்க்ரீனைப் பாத்தாரு, அதுவும் அதையே காட்டிக்கிட்டிருந்துச்சு. உடனே கூட வந்த சின்னப் பையனைக் கூப்பிட்டு சொன்னாரு: "தம்பி, இங்க வா. நான் ஸ்க்ரூடிரைவர் வெச்சுக் கேப்பேன்ல, அதை இது ராத்திரி பகலா கேட்டுக்கிட்டே இருக்கு. மோட்டார் நிக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடும்."

எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நாங்க ரெண்டு வருஷமா சொல்லத் தெரியாம இருந்ததை அவர் மூணு வரில சொல்லிட்டாரு, அதுவும் என்கிட்ட இல்ல, மூணாவது ஆள்கிட்ட. அந்தக் கடைசி வரியை அப்படியே சார்ட் பேப்பர்ல மார்க்கர்ல எழுதி பேனர் மேல ஒட்டிட்டோம். அதுக்கப்புறம் வந்தவங்க நின்னாங்க, அவங்க கதையைச் சொன்னாங்க, "எங்க ப்ளோயர் ஒண்ணு இருக்கு, எப்ப நிக்கும்னே சொல்ல முடியாது"ன்னு.

அதுலேர்ந்து நான் எந்தப் புது ப்ராடக்டையும் ஒரே ஒரு விஷயத்தை வெச்சுதான் பாக்குறேன்: இதைப் பாத்துட்டுப் போற ஒருத்தர், நாம கூட இல்லாம, இன்னொருத்தருக்கு இதை எடுத்துச் சொல்ல முடியுமா? 2001 அக்டோபர்ல ஆப்பிளோட பாட்டுக் கேக்குற கருவி ஐபாட் வந்தப்ப எம்பி3 பிளேயர் ஒண்ணும் புதுசில்ல, ஏற்கெனவே கடைல இருந்துச்சு. அதுக்குள்ள இருந்தது 5 ஜிபி ஹார்ட் டிஸ்க், ஆனா ஸ்டீவ் ஜாப்ஸ் முன்னால வெச்சது 'பாக்கெட்ல 1000 பாட்டு'. 5 ஜிபின்னு யாரும் வீட்ல போய் சொல்ல மாட்டாங்க, 1000 பாட்டுன்னு சொல்லுவாங்க.

இதுக்கு நேர் எதிர்ப்பக்கம் 1968 டிசம்பர் 9. சான் பிரான்சிஸ்கோவுல நடந்த ஒரு கம்ப்யூட்டர் மாநாட்டுல டக்ளஸ் எங்கெல்பார்ட்ங்கிற கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர் 90 நிமிஷம் டெமோ காட்டினாரு, மவுஸ், லிங்க், வீடியோ கால், ரெண்டு பேர் ஒரே டாக்குமென்டைத் தூரத்துலேர்ந்து சேர்ந்து எடிட் பண்றது, எல்லாம் அன்னிக்கே. கூட்டம் எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஆனா மவுஸ் சாதாரண ஜனங்க கைக்கு வர கிட்டத்தட்ட 1984-ல ஆப்பிளோட மேகின்டாஷ் கம்ப்யூட்டர் வர்ற வரைக்கும் ஆச்சு. விலை, ஹார்ட்வேர்னு காரணம் நிறைய இருந்துச்சு. இன்னொண்ணு, எங்கெல்பார்ட்டோட சிஸ்டம் பழகி எடுக்கிறவங்களுக்கானது, மவுஸ்ல மூணு பட்டன், இடது கைக்குத் தனியா அஞ்சு கட்டை வெச்ச ஒரு கீசெட்டு. மேகின்டாஷ் மவுஸ்ல பட்டன் ஒண்ணே ஒண்ணு. அந்த ரெண்டு பட்டனை எடுத்ததையும் நான் இன்னோவேஷன்னுதான் சொல்லுவேன், எங்கெல்பார்ட் மேல எனக்கு இருக்கிற மரியாதை கொஞ்சமும் குறையாமலேயே.

கான்ஃபரன்ஸையே ப்ராடக்டுக்குப் பயன்படுத்தினவங்கன்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ட்விட்டர். 2007 மார்ச்ல அமெரிக்காவுல ஆஸ்டின்ல நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட்ங்கிற டெக், இசை விழாவுல, ஜனங்க நடமாடுற காரிடார்ல பெரிய ஸ்க்ரீன் வெச்சு, வந்தவங்க போடுற மெசேஜையே ஓட விட்டாங்க. எந்த செஷன் நல்லாருக்கு, யார் எங்க இருக்காங்கன்னு தெரிய அங்க இருந்தவங்களுக்கு அப்பவே அது தேவைப்பட்டுச்சு, விளக்கம் சொல்ல வேண்டியே வரல. தினசரி மெசேஜ் 20,000-லேர்ந்து 60,000-க்குப் போச்சு.

டெமோ பத்தி ஒண்ணு மட்டும், ஹால் வைஃபையை நம்பாதீங்க. ஆயிரக்கணக்கான போன் ஒரே கூரைக்குக் கீழ இருந்தா நெட் திணறிடும். 2010-ல ஐபோன் 4 அறிமுக மேடைல ஜாப்ஸுக்கே பேஜ் லோட் ஆகல, அரங்குல 570 வைஃபை பேஸ் ஸ்டேஷன் ஓடுது, ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டாரு. நெட் இல்லாம ஓடுற மாதிரி டெமோவை அமைச்சுக்கோங்க, அவ்வளவுதான்.

மேடைப் பேச்செல்லாம் பின்னாடி வீடியோவுல கிடைக்கும், அதுக்காக ஹால்ல உக்காந்து நேரத்தை விட்டுடாதீங்க. ஓரத்துல இருக்கிற சின்ன ஸ்டாலுக்குப் போங்க, கூட்டம் குறையற நேரத்துல. "உங்க ப்ராடக்ட் என்ன பண்ணும்"னு கேக்காதீங்க, "இதை வாங்கினவங்க கடைசியா எதுக்கு உங்களுக்கு போன் பண்ணாங்க"ன்னு கேளுங்க. நான் கேட்டப்ப ஒருத்தர் முகம் மாறி அரை மணி நேரம் பேசினாரு, சார்ஜர் பின் உடையறதைப் பத்தி மட்டும். அது எந்த பிரசென்டேஷன்லயும் வராது.

விசிட்டிங் கார்டு வாங்கினா அன்னிக்கு ராத்திரியே பின்பக்கத்துல அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிடுங்க, உங்க பாஷைக்கு மாத்தாம. அந்த ஸ்க்ரூடிரைவர் அண்ணன் கார்டுல நான் எழுதினது 'கீழ பம்ப் ரூம்ல சிக்னலே வராதுங்க'. எங்க சென்சாரோ ஏதாவது எச்சரிக்கை அனுப்பணும்னா நெட் இருந்தாத்தான் முடியும். திரும்பி வந்ததும் டீம்கிட்ட அந்தக் கார்டைத்தான் முதல்ல காட்டினேன். அடுத்த வெர்ஷன்ல சென்சார் மேலயே ஒரு சிவப்பு லைட் வெச்சோம், பேரிங் தேய ஆரம்பிச்சா நெட் இல்லாமலே எரியும். அவருக்கு போன் பண்ணி சொன்னப்ப, "அது போதும்ங்க, ரவுண்ட்ஸ் போறப்ப கண்ணுல பட்டுடும்"ன்னாரு.