பனிக்காலத்தில் நிறுத்திவைக்கும் ட்ரெய்லர்: கேள்வி பதில்

ஒன்ராறியோவில் பல ஆண்டுகளாக முகாம் ட்ரெய்லர் (வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் சிறு வீடு) வைத்திருப்பவன் என்ற முறையில், பனிக்காலத்துக்கு முன் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஸ்காபரோ): ஐயா, இந்த ஆண்டுதான் 24 அடிப் பழைய ட்ரெய்லர் ஒன்றை வாங்கினோம். தாங்கியிலுள்ள தண்ணீரைத் திறந்துவிட்டால் போதுமா?

பதில்: போதாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரிவடைவதால், குழாய் வளைவில் தங்கிய சிறிதளவு நீரே அதை வெடிக்கவைத்துவிடும். வெந்நீர்த் தொட்டியின் சூடேற்றியை நிறுத்தி, தொட்டி நன்றாக ஆறிய பிறகு அழுத்தத்தை விடுவித்து, அடியிலுள்ள செருகியைக் கழற்றி வடியவிடுங்கள். அடுத்து, அந்தத் தொட்டியைச் சுற்றிச் செல்லும் மாற்றுவழி வால்வைத் திருப்புங்கள். இதை மறந்தால், குழாய்களுக்குள் செலுத்தப்போகும் உறைதடுப்புத் திரவத்தில் 6 கலன் அந்தத் தொட்டிக்குள்ளேயே போய்விடும். பிறகு திரவத்தைப் பம்பு வழியாக உறிஞ்சவிட்டு, ஒவ்வொரு குழாயிலும் வெந்நீர்ப் பக்கம், குளிர்நீர்ப் பக்கம் இரண்டிலும் இளஞ்சிவப்பு நிறம் வரும்வரை திறந்து வையுங்கள். கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். கை, பாத்திரம் கழுவும் தொட்டிகளின் வடிகால் வளைவுகளில் ஒரு கோப்பை திரவத்தை ஊற்றுங்கள். காருக்கு ஊற்றும் எதிலீன் கிளைக்கோல் நஞ்சு, ஆர்.வி.க்கென (ட்ரெய்லர் போன்ற வீட்டு வாகனங்களுக்கென) விற்கும் புரொப்பிலீன் கிளைக்கோல் திரவத்தையே வாங்குங்கள்.

என் முதலாவது பனிக்காலத்தில் வெளிப்புற ஷவரை மறந்துவிட்டேன். மே மாதம் பம்பைப் போட்டபோது கட்டிலுக்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. பலகையைத் தூக்கிப் பார்த்தால், வெள்ளை முழங்கைக் குழாயில் நகக்கீறல் அளவே வெடிப்பு. ஆனால் அதன் கீழிருந்த பலகை முழுவதும் ஊறிப்போயிருந்தது.

கேள்வி (பிரம்ரன்): பற்றறியைச் சுவிட்சில் நிறுத்தினால் போதும் என்கிறார்களே?

பதில்: பல ட்ரெய்லர்களில் எரிவாயுக் கசிவு உணரி அந்தச் சுவிட்சைத் தாண்டி நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும், அது இரவும் பகலும் சிறிது சிறிதாக மின்சாரத்தை இழுக்கும். ஆகவே எதிர்மின் முனையைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்குள் எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது. ஈய அமிலப் பற்றறி முழுமையாக ஏறியிருந்தால் ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் காட்டும், அப்படியிருந்தால் நம் ஊர்க் குளிரில் உறையாது. முற்றாக இறங்கியதோ, 0 பாகைக்குச் சில பாகை கீழே போனாலே உறைந்து வெடிக்கும். லித்தியம் பற்றறி என்றால் 0 பாகைக்குக் கீழ் அதை ஏற்றவே கூடாது.

கேள்வி (மார்க்கம்): கூரையின் மீது பிளாஸ்டிக் தார்ப்பாய் கட்டலாமா?

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். அது ஈரத்தை உள்ளே அடைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். காற்றில் உராய்ந்து கூரையையும் கிழிக்கும். ஈரம் வெளியேறக்கூடிய உறையை வாங்குங்கள், அல்லது கூரையுள்ள இடத்தில் நிறுத்துங்கள். ட்ரெய்லர்களை அழிப்பது தூரப் பயணமன்று, கூரையில் நுழையும் நீரே என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்கு இருமுறை ஏறி, காற்றுப்போக்கிகளைச் சுற்றியுள்ள பூச்சில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று பாருங்கள். பின் உள்ளே வந்து, கூரையும் சுவரும் சேரும் மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பலகை பஞ்சுபோல் அமுங்கினால் நீர் ஏற்கனவே நுழைந்துவிட்டது. ரப்பர்க் கூரைக்கு உரிய பூச்சையே இடவேண்டும். சாதாரண சிலிக்கன் நாளடைவில் உரிந்துவிடுவதோடு, அதன் மேல் வேறு பூச்சும் ஒட்டாது.

கேள்வி (அஜக்ஸ்): எங்கள் ரயர்களின் பூக்கள் (தரையைப் பிடிக்கும் வரிகள்) புதிதாகவே இருக்கின்றன. மாற்றவேண்டுமா?

பதில்: பூவைப் பார்க்காதீர்கள், வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்தாறு ஆண்டுகளைத் தாண்டிய ட்ரெய்லர் ரயரில் என் பிள்ளைகளை ஏற்றிய வாகனத்தின் பின்னால் பாரம் இழுக்க நான் துணியமாட்டேன்.

கேள்வி (மிசிசாகா): எங்களிடம் இருப்பது மோட்டர்ஹோம் (சொந்த இயந்திரத்தில் ஓடும் வீட்டு வாகனம்). வாரந்தோறும் பத்து நிமிடம் இயந்திரத்தை இயக்கி வைக்கிறோம். சரிதானா?

பதில்: அது நன்மையைவிடத் தீமையே செய்யும். பத்து நிமிடத்தில் இயந்திரம் முழுச்சூடு அடையாததால், எரிதலில் உண்டாகும் நீர் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் தங்கிவிடும். பெற்றோல் தாங்கியை நிரப்பி, எரிபொருள் நிலைப்படுத்தியைச் சேர்த்து, அது இயந்திரம் வரை சேருமாறு சிறிது தூரம் ஓட்டிவிட்டு, வசந்தம் வரை அப்படியே விட்டுவிடுங்கள். உள்ளேயிருக்கும் மின்பிறப்பாக்கிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதை மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரம், சூடேற்றி போன்ற சுமையைக் கொடுத்து, திறந்த வெளியில் வைத்து இயக்குங்கள்.