7,000 சொற்களில் நின்றுபோகும் நாவல் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஆறு வருடங்களாகச் சிறுகதைகள் எழுதிவருகிறேன். நாவலுக்கு நான்கு முறை முயன்றும் எதுவும் 7,000 சொற்களைத் தாண்டவில்லை. கடைசியாக எடுத்தது லாரி எடைமேடையில் வேலை பார்ப்பவரின் கதை. முதலாளி சொன்னபடி பொய் எடைச் சீட்டு எழுதுகிறார். மனம் பொறுக்காமல் கிழித்துப்போடுகிறார். அதற்குமேல் நகரவில்லை. வர்ணனைகளைச் சேர்த்தேன், இழுவையாகிவிட்டது. இப்போது முதல் அத்தியாயத்தையே திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருக்கிறேன். முழுத் திட்டம் போட்டபிறகுதான் தொடங்க வேண்டுமா? நான்கில் எதைத் தொடரலாம்? சுருக்கங்களை இணைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

சிக்கல் அந்தச் சீட்டைக் கிழித்த இடத்தில் இருக்கிறது. சிறுகதை எழுதிப் பழகிய கை, காட்சி முடிந்ததும் கதவைச் சாத்திவிடும். கிழித்ததோடு அவருடைய தடுமாற்றம் தீர்ந்தது, வாசிப்பவருக்கும் நிறைவு வந்தாயிற்று. அடுத்த அத்தியாயத்துக்கு உங்களிடம் மிச்சம் ஏதுமில்லை. அந்த நிலையில் வர்ணனையைக் கூட்டினால் கதை வளராது, ஊதிப்போகும்.

சீட்டை அவர் கொடுத்துவிடட்டும். 12 டன் சரக்குக்கு 10 டன் என்று எழுதிய சீட்டு ஓட்டுநர் கைக்குப் போகிறது. கார்பன் நகல் புத்தகத்திலேயே இருக்கிறது. இப்போது விஷயம் தெரிந்த ஓர் ஓட்டுநர், யார் வேண்டுமானாலும் புரட்டக்கூடிய ஒரு புத்தகம், இன்னொரு முறை கேட்கப்போகும் முதலாளி என்று மூன்று தீராமல் கிடக்கின்றன. இரண்டு வாரம் கழித்து அவர் நகலை மட்டும் கிழிக்கிறார். 316க்கு அடுத்து 318 வருவதை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் பார்த்துவிடுகிறாள். கேட்கவில்லை. அவள் பார்த்தது இவருக்கும் தெரியாது. இங்கிருந்து ஐந்தாறு அத்தியாயங்களுக்குச் சரக்கு இருக்கிறது. ஒரு காட்சி ஒன்றைத் தீர்த்தால் இரண்டைக் கிளப்பிவிட வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் இந்தக் கணக்கைத் திருப்பிப்போடலாம்.

ஒரே ஆளின் ஒரே ஆசை 15,000 சொற்களுக்குமேல் தாங்குவது அபூர்வம். நடுப்பகுதி தொய்வதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம். ஆகவே அந்தப் பெண்ணுக்கும் ஒரு தேவை வேண்டும். இந்த வேலை அவளுக்கு நிலைத்தாக வேண்டும் என்று வையுங்கள். அவள் வாயைத் திறந்தால் இவருக்கு ஆபத்து, மூடியிருந்தால் அவளுக்கு ஆபத்து. இருவரும் யோக்கியர்களாக இருந்துகொண்டே மோதட்டும். புதிதாக ஒரு வில்லனை இறக்கி நடுப்பகுதியைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பார்கள். இரண்டே அத்தியாயத்தில் அவனும் சேர்ந்து படுத்துவிடுவான்.

சிறுகதைக்காரர்கள் காலத்தைக் கடத்தவும் கூச்சப்படுகிறார்கள். எல்லாவற்றையும் காட்சியாகவே எழுதுவார்கள். 'மழை பிடித்துக்கொண்டபின் லாரிகள் குறைந்தன. மூன்று மாதத்தில் ஒருமுறைகூட அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.' இரண்டே வரி, மூன்று மாதம் போயிற்று, உறவும் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டது.

நீளக் கணக்கு: அறிவியல் புனைவு, மிகைபுனைவுகளுக்கான ஹ்யூகோ, நெபுலா விருது விதிகளில் 17,500 முதல் 40,000 சொற்கள்வரை குறுநாவல், அதற்குமேல் நாவல். அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 'வந்துகொண்டிருந்தவனிடமிருந்து' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஆறு ஆகிவிடும். காட்சியாக எண்ணுங்கள். ஆயிரம் சொற்கள் வீதம் 30 காட்சி. நாளுக்கு 300 சொல், வாரம் ஐந்து நாள் என்றால் 20 வாரம்.

முழுத் திட்டம் தேவையில்லை. வரப்போகும் மூன்று காட்சிகளுக்குத் தலா ஒரு வரி போதும். ஆனால் ஒரு நோட்டு வேண்டும்: யாருக்கு எந்த விஷயம் எந்த அத்தியாயத்தில் தெரியவந்தது என்று அதில் குறித்துவாருங்கள். இல்லாவிட்டால் பதினைந்தாம் அத்தியாயத்தில் முதலாளி தனக்குத் தெரியவே தெரியாத விஷயத்துக்குக் கோபப்படுவார். அன்றன்றைக்குக் காட்சியின் பாதியில் நிறுத்தி, அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவைத்துவிட்டு எழுந்திருங்கள்.

முதல் அத்தியாயத்துக்குத் திரும்பக் கூடாது. உட்காரும்போது கடைசி 300 சொற்களை மட்டும் படியுங்கள். ஓட்டுநரை இவருடைய மைத்துனராக்கலாம் என்று பாதியில் தோன்றினால், அடைப்புக்குறிக்குள் அதைக் குறித்துவிட்டு, அந்த வரியிலிருந்தே அவர் மைத்துனர் என்று எழுதிக்கொண்டு போங்கள். பழைய பக்கங்களை இரண்டாம் வரைவில் பார்த்துக்கொள்ளலாம்.

சுருக்கங்களைப் பார்த்தேன். மற்ற மூன்றும் முடிந்துவிட்ட சிறுகதைகள். மறுநாள் காலை அந்த ஆட்களுக்குச் செய்ய வேலை எதுவுமில்லை. 2,000 சொற்களுக்கு வெட்டினால் நன்றாக வரும். எடைமேடையை எடுங்கள். கிழிக்கும் வரியை அழித்துவிட்டு, ஓட்டுநர் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைப்பதிலிருந்து தொடருங்கள். முதலாளிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. 30 காட்சிகளுக்கு 'முதலாளி' என்றே ஓட்ட முடியாது.