எஸ்.பி.எச். முறையில் அணை உடைப்பு: அலை நிஜம் மாதிரி இருந்தால் போதுமா?

உங்கள் கேள்வி இதுதான்: அணை உடைந்து தண்ணீர் பாய்வதை, திரவத்தைத் துகள்களாகப் பிரித்துக் கணக்கிடும் எஸ்.பி.எச். (SPH, Smoothed Particle Hydrodynamics) முறையில் கணினியில் செய்து பார்த்தீர்கள், அலை நிஜம் மாதிரியே எழும்பி விழுகிறது, இனி இடத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும் மெஷ் முறைகளை விட்டுவிடலாமா?

விடவேண்டாம். அலையின் தோற்றத்தை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். துகள் முறையில் தண்ணீரின் உருவம் சீக்கிரம் சரியாக வந்துவிடும், அழுத்தம்தான் கடைசிவரை அடம்பிடிக்கும். நான் இதில் இடறிய இடமும் அதுதான்.

முதலில் இதன் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். மெஷ் முறையில் கட்டங்கள் அசையாமல் நிற்கும், தண்ணீர் அவற்றின் வழியே கடந்து போகும். துகள் முறையில் தண்ணீரே சிறு சிறு துண்டுகளாக நகரும். ஒவ்வொரு துகளும் தன் நிறை, வேகம், அழுத்தம் எல்லாவற்றையும் தன்னோடு எடுத்துப் போகும். அதனால் திரவ ஓட்டத்தை விவரிக்கும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாட்டில் நம்மைப் படுத்தி எடுக்கும் அந்த நேரியலற்ற ஓட்ட உறுப்பைத் தனியாகக் கணக்கிட வேண்டியதே இல்லை, துகள் நகர்வதே அந்த உறுப்பு. அலை மடிந்து உடைந்து துளித்துளியாகச் சிதறினாலும் நீர்ப்பரப்பு எங்கே இருக்கிறது என்று தேடி அலைய வேண்டாம். துகளின் நிறை மாறாது, ஆகவே மொத்த நிறையும் குறையாது. இவ்வளவு சிக்கலான காட்சி இவ்வளவு எளிய விதியிலிருந்து வருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் சந்தோஷமாக இருக்கிறது.

இந்த முறை பிறந்தது தண்ணீருக்காக அல்ல. 1977இல் லியான் லூசி ஒரு பக்கமும், கிங்கோல்டும் மோனகனும் இன்னொரு பக்கமும், விண்மீன்களைக் கணக்கிட இதை உருவாக்கினார்கள். விண்மீனுக்குச் சுவர் கிடையாது, அது அமுங்கும் வாயு. 1994இல் மோனகன் இதை நீர்ப்பரப்பு உள்ள ஓட்டங்களுக்குக் கொண்டுவந்தபோது இரண்டு தொல்லைகளும் சேர்ந்தே வந்தன: தண்ணீர் அமுங்காது, தொட்டிக்குச் சுவர் உண்டு.

அமுங்காத தண்ணீரைச் சமாளிக்க, கொஞ்சம் அமுங்கட்டும் என்று விட்டுவிடுவதுதான் வழக்கம். தண்ணீரில் ஒலியின் உண்மையான வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். அதை எடுத்துக்கொண்டால் நேரப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னேறும் நேர அளவு, மிகமிகச் சிறியதாகிவிடும். அதனால் ஓட்டத்தின் உச்ச வேகத்தைப் போல 10 மடங்கை ஒலி வேகமாக வைத்துக்கொள்வார்கள், அப்போது அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதத்துக்குள்தான் மாறும். 1 மீட்டர் உயர நீர்த்தொட்டி உடைந்தால் உச்ச வேகம் நொடிக்குச் சுமார் 6.3 மீட்டர், ஆக ஒலி வேகம் 63. துகள் இடைவெளி 1 செ.மீ. என்றால் ஒரு நொடி ஓட்டத்துக்குச் சுமார் 20,000 படிகள் வரும். உண்மையான ஒலி வேகத்தை வைத்தால் அதுவே நாலரை லட்சத்தைத் தாண்டிவிடும்.

இதற்கு நாம் கொடுக்கும் விலையைக் கவனியுங்கள். அழுத்த மாற்றம் என்பது, ஒலி வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தி மாற்றத்தால் பெருக்கினால் வருவது. அந்த 1 மீட்டர் தொட்டியின் அடியில் உள்ள மொத்த நீரழுத்தத்தையும் தர அடர்த்தி 0.25 சதவீதம் கூடினாலே போதும். அதாவது அடர்த்தியில் கால் சதவீதம் பிசகினால், அடிமட்டத்தின் முழு அழுத்தத்துக்குச் சமமான பிசகு வரும். 1 சதவீதம் பிசகினால் 4 மீட்டர் ஆழத்தின் அழுத்தம்! படத்தில் கால் சதவீதம் கண்ணுக்கே தெரியாது.

நான் முதன்முதலில் எழுதிய நிரலிலும் அணை அழகாகத்தான் உடைந்தது. அப்புறம் எதையும் உடைக்காமல், ஒரு தொட்டியில் தண்ணீரைச் சும்மா நிற்கவிட்டேன். அது நிற்கவில்லை. மூலைத் துகள்கள் சுவரோரமாக மெல்ல ஏறின, ஒன்றிரண்டு சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியேயும் போயின. காரணம் தேடிப் பார்த்தால், சுவருக்கு ஒரே வரிசைத் துகள்தான் வைத்திருந்தேன். அண்டைத் துகள்களுக்கு தூரத்தைப் பொறுத்து எடை கொடுக்கும் சார்புக்குக் கர்னல் என்று பெயர்; என் கர்னலின் வீச்சோ 2.6 துகள் இடைவெளி. நடுவில் உள்ள துகளுக்கு இருபரிமாணத்தில் சுமார் 20 அண்டைத் துகள்கள் கிடைக்கும், முப்பரிமாணம் என்றால் 70க்கு மேல். சுவரோரத் துகளுக்கு ஒரு பக்கம் அண்டையே இல்லாததால் அதன் அடர்த்தி குறைவாக வந்தது, அழுத்தமும் விழுந்தது, மேலே உள்ளவை அந்த இடத்தில் புகுந்தன. சுவரை மூன்று வரிசையாக்கியதும் தண்ணீர் அடங்கியது.

மேற்பரப்பிலும் இதே கதைதான். அண்டைகளைக் கூட்டி அடர்த்தி கண்டால் அங்கே பாதியளவுதான் வரும். அதனால் அடர்த்தியைக் கூட்டிக் காணாமல், நிறை காப்பைச் சொல்லும் தொடர்ச்சிச் சமன்பாட்டின் மூலம் படிப்படியாக மாற்றிக்கொண்டே போவது நல்லது. அதற்கு மேலும் அழுத்தம் இரைச்சலாக இருந்தால் அடர்த்தியில் சிறிது பரவல் சேர்க்கும் டெல்டா எஸ்.பி.எச். கைகொடுக்கும். கோஷிசுகாவும் ஓகாவும் 1996இல் தந்த எம்.பி.எஸ். என்ற இன்னொரு துகள் முறை வேறு வழியில் போகிறது: தண்ணீர் அமுங்காதபடி, ஒவ்வொரு படியிலும் எல்லாத் துகள்களின் அழுத்தத்தையும் சேர்த்துப் பாய்சான் சமன்பாட்டால் (Poisson) காண்கிறது. நேரப்படி பெரிதாக வைக்கலாம், ஆனால் ஒவ்வொரு படியும் கனமானது.

எங்கே எதைப் பயன்படுத்துவது? அணை உடைப்பு, தொட்டிக்குள் திரவம் அலைமோதுவது, கியர்பெட்டியில் எண்ணெய் தெறிப்பது, கடற்சுவரில் அலை அறைவது, இவற்றுக்கெல்லாம் துகள் முறை தாராளமாக. குழாய்க்குள் ஓட்டம், இறக்கையைச் சுற்றிய ஓட்டம் என்றால் மெஷ்தான். சுவரை ஒட்டிய மெல்லிய அடுக்கில் மட்டும் கட்டத்தைப் பொடியாக்குவது அங்கே சுலபம். துகளிலோ சாதாரணமாக எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி. முப்பரிமாணத்தில் அதைப் பாதியாக்கினால் துகள் 8 மடங்கு, நேரப்படியும் பாதி, ஆக வேலை 16 மடங்கு. ஜி.பி.யு. இருந்தாலும் இது கடிக்கும்.

சொந்தமாக எழுதுவதைவிட டூயல்எஸ்பிஎச்சிசிக்ஸ் (DualSPHysics) போன்ற இலவச, திறந்த மூல மென்பொருளில் தொடங்குவது மேல் என்பேன். எதில் செய்தாலும் முதலில் தண்ணீரை நிற்கவிட்டுப் பாருங்கள். பிறகு நீர்முனை ஓடும் தூரத்தை மார்ட்டினும் மாய்ஸும் 1952இல் வெளியிட்ட சோதனை அளவுகளோடு ஒப்பிடுங்கள். அது சேர்ந்துவிட்டால், எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியில் அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, துகள் இடைவெளியைப் பாதியாக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். அந்த இரண்டு அழுத்த வரைகோடுகளையும் இங்கே போட்டால், எங்கே விலகுகிறது என்று சேர்ந்தே பார்க்கலாம்.