பிரெஞ்சு படித்த மகள் மொழிபெயர்ப்பாளர் ஆகாமல் ஆராய்ச்சி செய்யப் போகிறாளாம், என்ன செய்வது?

வணக்கம் சார். உங்கள் கவலை புரிகிறது. பி.ஏ. பிரெஞ்சு முடித்ததும் ஏதாவது கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போவாள் என்று இருந்தீர்கள், இப்போது பார்த்தால் பிரான்சுக்குப் போய் சமூக மொழியியல் படிக்கிறேன் என்கிறாள், இதற்கெல்லாம் யார் சம்பளம் கொடுப்பார்கள் என்று கேட்கிறீர்கள். சம்பளத்துக்கு அப்புறம் வருகிறேன், முதலில் அவளுடைய பிரெஞ்சு எப்படி என்று பார்ப்போம்.

நம் ஊரில் பிளஸ் டூவில் மார்க்குக்காகவே பிரெஞ்சு எடுப்பவர்கள் நிறைய. அந்த மார்க்கை நம்பிக் கிளம்பாதீர்கள். அங்கே முதுகலை சேர பெரும்பாலும் டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 நிலை கேட்பார்கள், மொழி சார்ந்த துறைகளில் அதற்கு அடுத்த நிலையான சி1 வரை கேட்கும் இடங்களும் உண்டு. சான்றிதழ் வாங்குவது ஒரு பக்கம், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘லாங்காஜ் எ சோசியேத்தே’ என்று 1977 முதல் வரும் ஆய்விதழ், இதே துறைக்கானது. அதன் பழைய இதழ்கள் பெர்சே என்ற இணையதளத்தில் இலவசம். ஒரு கட்டுரையை அகராதி இல்லாமல் படித்து அரைப் பக்கம் பிரெஞ்சிலேயே சுருக்கி எழுதச் சொல்லுங்கள். திணறினால் இன்னும் ஒரு வருடம் இங்கேயே படிக்கட்டும், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

சமூக மொழியியல் என்றால் என்ன படிப்பு என்று நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும். பியர் பூர்தியூ என்ற சமூகவியலாளர் 1982இல் வந்த தன் புத்தகத்தில் ஒரு சம்பவம் சொல்கிறார். பிரான்சின் தென்மேற்கில் போ என்ற நகரம், அந்தப் பக்கத்து வட்டார மொழி பெயார்னே. அந்த மொழிக் கவிஞர் ஒருவருக்கான விழாவில் மேயர் பெயார்னேயிலேயே பேசிவிட்டார், கூட்டம் நெகிழ்ந்துபோனது. அங்கே இருந்தவர்களுக்கோ அதுதான் தாய்மொழி. தினமும் அதைப் பேசும் விவசாயியைப் பார்த்து யாரும் நெகிழவில்லையே, மேயர் பேசினால் மட்டும் ஏன்? நல்ல பிரெஞ்சு பேசக்கூடிய பெரிய மனிதர் இறங்கி வந்தார் என்பதால்தான். இந்த மாதிரி கேள்விகளைப் பள்ளிக்கூடத்திலும் நீதிமன்றத்திலும் ஆஸ்பத்திரியிலும் போய்க் கேட்பதுதான் இந்தப் படிப்பு. உங்கள் பெண்ணுக்கு இது பிடித்திருக்கிறது என்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

தொழில்முறை மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அது வேறு வழி. பாரிஸில் 1957இல் தொடங்கிய எசித் மாதிரி பள்ளிகள் அதற்கென்றே இருக்கின்றன, நுழைவுத்தேர்வு கடுமை. ஆராய்ச்சி என்றால் ரூவான், மோன்பெலியே பல்கலைக்கழகங்களுக்கு இத்துறையில் பழைய பெயர், பாரிஸை விடச் செலவும் குறைவு. மூன்றாவதாக ஒன்றும் உண்டு, மனித மொழியைக் கணினி கையாளச் செய்யும் கணினி மொழியியல். தமிழ் கற்றுத்தரும் இனால்கோ நிறுவனம் வேறு இரண்டு பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து அதில் முதுகலை நடத்துகிறது. வேலை என்று பார்த்தால் நான் இதைத்தான் முதலில் காட்டுவேன், ஏனென்றால் சாதாரண ஆவண மொழிபெயர்ப்பை இன்று இயந்திரம் பாதி தின்றுவிட்டது.

இயந்திரத்திடம் விட முடியாத இடமும் இருக்கிறது. பிரான்சில் அடைக்கலம் கேட்கும் இலங்கைத் தமிழரை ஓஃப்ப்ரா என்ற அரசு அலுவலகத்தில் உட்காரவைத்து விசாரிப்பார்கள், நடுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அதிகாரி முன்னால் சொன்னது, பின்னால் சொன்னது என்று ஒத்துப்பார்ப்பார், ஒரு தேதி தடுமாறினாலும் அந்த மனிதரின் கதையையே சந்தேகிக்க இடமாகிவிடும். ஆய்வாளர்கள் எழுதும் விஷயமும் இதுதான். அந்த மொழிபெயர்ப்பாளருக்கு வருமானம் மட்டும் வேலை வரும்போதுதான், மாதச் சம்பளம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பணம்: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2019 முதல் அரசுப் பல்கலைக்கழக முதுகலைக் கட்டணம் தனி, இப்போது வருடத்துக்குக் கிட்டத்தட்ட 3,900 யூரோ. விலக்கு தரும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, ஒவ்வொன்றிடமும் எழுதிக் கேளுங்கள். விசாவுக்கு மாதம் 615 யூரோ காட்ட வேண்டும், பாரிஸில் அது வாடகைக்கே பத்தாது. படிக்கும்போது வருடத்துக்கு 964 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். பிரெஞ்சுத் தூதரகத்தின் ஷார்பாக் உதவித்தொகைக்கும் போடச் சொல்லுங்கள். முனைவர் பட்டத்துக்குப் போனால் ஒப்பந்தம் கிடைப்பவர்களுக்கு மூன்று வருடம் சம்பளமே கொடுப்பார்கள், ஆனால் போட்டி பயங்கரம், அதை நம்பி வீட்டுக் கடன் வாங்காதீர்கள்.

விண்ணப்பம் கேம்பஸ் பிரான்ஸ் என்ற பிரெஞ்சு அரசு அமைப்பு வழியாகத்தான், நேர்காணல் உண்டு. எந்தத் தலைப்பில் ஆய்வு, ஏன் அந்த ஊர் என்று கேட்பார்கள். அதற்கு முன்னால் ஒருமுறை புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் நூலகத்துக்கு அனுப்பி வையுங்கள், அங்கே 1955 முதல் ஆய்வு நடக்கிறது. தலைப்பை ஒரு பக்கத்தில் எழுதியதும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், பிரெஞ்சில்.