வாசகர் கேள்விகள்: எலும்பும் பல்லும் சொல்பவை

கேள்வி: மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் இறந்தவர் அரிசி உண்டாரா, கம்பு உண்டாரா என்று எலும்பை வைத்தே சொல்லிவிடுகிறார்களாமே? தாழிக்குள் நெல்மணி கிடைத்தால் ஒப்புக்கொள்ளலாம். எலும்பில் என்ன இருக்கிறது? (ஒரு வாசகி, காரைக்குடி)

பதில்: தாழிக்குள் கிடைக்கும் நெல்மணி இறந்தவருக்குப் படைத்ததைக் காட்டுமேயன்றி, அவர் உயிரோடிருந்தபோது நாள்தோறும் உண்டதைக் காட்டாது. அதற்கு எலும்பையே கேட்க வேண்டும். ஆனால் எலும்பு தானியத்தின் பெயரைச் சொல்லாது. எந்தக் கூட்டத்துப் பயிர் என்று மட்டும் சொல்லும்.

காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொள்ளும் முறையில் பயிர்களுக்குள் இரண்டு பெரிய பிரிவுகள் உண்டு. நெல், கோதுமை, பார்லி, பயறு வகைகள் ஒரு பிரிவு. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, கரும்பு ஆகியவை மற்றொரு பிரிவு. கார்பனில் 12, 13 என எடையில் சிறிதே வேறுபடும் இரண்டு நிலையான வடிவங்கள், அதாவது ஐசோடோப்புகள், இருக்கின்றன. எடை கூடிய 13ஐ நெல்லின் பிரிவு பெருமளவு ஒதுக்கிவிடுகிறது, கம்பின் பிரிவு அவ்வளவாக ஒதுக்குவதில்லை. அந்த வேறுபாடு உண்டவரின் எலும்பிலுள்ள கொலாஜன் என்ற புரதத்திலும் தங்கிவிடுகிறது. நகத்தளவு எலும்புத் துண்டை நீர்த்த அமிலத்தில் போட்டுவைத்தால் கனிமச்சத்து மெல்லக் கரைந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுகிற, தொட்டால் வளைகிற ஒரு மென்பொருள் எஞ்சும், அதுதான் கொலாஜன். 1977இல் வோகல், வான் டெர் மெர்வே என்ற இருவர் இம்முறையால்தான் நியூயார்க் மாநிலத்துப் பழங்குடி மக்களின் எலும்புகளைச் சோதித்து, கம்பின் பிரிவைச் சேர்ந்த மக்காச்சோளம் அவர்கள் உணவுக்குள் நுழைந்ததைக் காட்டினார்கள்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. சோளத்தட்டை தின்ற மாட்டின் பாலைக் குடித்தவர் எலும்பிலும் சோளத்தின் தடமே விழும்; அவர் வாயில் ஒரு பிடி சோளச்சோறு பட்டிருக்க வேண்டியதில்லை. ஆகவே நைட்ரஜனின் ஐசோடோப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். புல், அதைத் தின்னும் ஆடு, ஆட்டைத் தின்னும் மனிதர் என்று படி ஏற ஏற, எடை கூடிய நைட்ரஜன்-15இன் விகிதம் உயர்ந்துகொண்டே போகும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இக்கணக்கில் தாயைவிட ஒரு படி மேலே நிற்கும். பால் மறந்ததும் இறங்கும். கடைவாய்ப்பல்லின் உட்பகுதியை மெல்லிய அடுக்குகளாகச் சீவிச் சோதித்தால், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குழந்தைக்கு ஏறத்தாழ எந்த வயதில் பால் மறக்கடித்தார்கள் என்பதைக்கூடக் கணிக்க முடிகிறது. இத்துறையில் என்னைப் பெரிதும் வியக்கவைப்பது இதுதான்.

கேள்வி: நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் எலும்பு அவ்வளவு காலம் தாங்குமா? (ஒரு வாசகர், மன்னார்குடி)

பதில்: எலும்பு ஓரளவு தாங்கினாலும், வெயிலும் ஈரமும் மாறி மாறி வாட்டும் மண்ணில் அதனுள்ளிருக்கும் கொலாஜன் தாங்குவதில்லை. அப்போது கைகொடுப்பது பல்லின் வெளிப்பூச்சான எனாமல். உடம்பில் அதைவிடக் கடினமான பொருள் கிடையாது. இலங்கையின் பாஹியன் குகை, படதொம்பலென முதலிய இடங்களில் கிடைத்த மனிதர், விலங்குகளின் பற்களை இவ்வாறு சோதித்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. அடர்ந்த காட்டின் நிழலில் வளரும் செடிகளில் கார்பன்-13 மிகவும் குறைந்திருக்கும். அத்தடம் மனிதப் பற்களில் இருந்ததால், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கிருந்தவர்கள் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. மழைக்காட்டில் வேட்டையாடிப் பிழைப்பது கடினம் என்று அதுவரை பலர் எண்ணியிருந்தார்கள்.

கேள்வி: அக்காலத்தில் பல் வைத்தியம் இருந்ததா? (ஒரு வாசகி, ஈரோடு)

பதில்: இருந்திருக்கிறது. பலூசிஸ்தானின் மெஹர்கரில் 7,500 முதல் 9,000 ஆண்டுகள் பழமையான கல்லறைகளில், ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப்பற்களில் துளையிட்ட தடம் காணப்பட்டது. 2006இல் இச்செய்தி வெளியானது. துளையின் விளிம்பு தேய்ந்து வழவழப்பாக இருப்பதால், துளையிட்ட பிறகும் அவர்கள் அப்பல்லால் மென்று வாழ்ந்திருக்கிறார்கள். கண்ணில் படாத கடைவாய்ப்பல் என்பதால் அது அழகுக்காகச் செய்ததன்று; நான்கு பற்களில் சொத்தையும் இருந்தது. மணி கோப்பதற்குக் கல்லில் துளையிட்ட கைகளே இவ்வேலையையும் செய்திருக்கலாம் என்கிறார்கள். வலிக்கு என்ன கொடுத்தார்கள் என்பதைப் பல் சொல்லவில்லை.

கேள்வி: கம்பும் கேழ்வரகும் உண்ட முன்னோர் நோயின்றி வாழ்ந்தார்கள் என்பதை எலும்புகள் உறுதிசெய்கின்றனவா? (ஒரு வாசகர், திண்டுக்கல்)

பதில்: உறுதிசெய்யவில்லை. ராஜஸ்தானில் உதய்பூரை அடுத்த பாலாதலில், சாணம் எரித்த சாம்பல் நிரப்பிய கல் அடைப்புக்குள் புதைக்கப்பட்டிருந்த ஒரு நடுத்தர வயது ஆணின் எலும்புக்கூடு கிடைத்தது. அவர் வாழ்ந்தது ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன். மூக்கெலும்பின் ஓரம் அரிக்கப்பட்டிருந்த விதத்தையும் பிற மாற்றங்களையும் கொண்டு, அவருக்குத் தொழுநோய் இருந்ததாக 2009இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

ஆயினும் எலும்பில் நோய்த்தடம் மிகுந்தால் மக்கள் நலிந்திருந்தார்கள், தடம் இல்லையென்றால் நலமாக இருந்தார்கள் என்று கணக்குப் போடுவது தவறு. ஜேம்ஸ் வுட் என்ற மானிடவியலாளரும் உடனிருந்தவர்களும் 1992இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள். குழந்தைப் பருவத்தில் பட்டினியோ கடுங்காய்ச்சலோ வந்தால் வளரும் பல்லின் எனாமலில் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். அந்தக் கோடு இருப்பவர் பட்டினியையோ காய்ச்சலையோ தாண்டிப் பிழைத்தவர். அதிலேயே இறந்துபோன குழந்தையின் பல்லில் கோடு விழ நேரமே இருந்திராது. தொழுநோய் பல ஆண்டுகள் உடம்பில் இருந்தால்தான் எலும்பை அரிக்கும். காலராவோ ஒரு வாரத்துக்குள் ஆளை முடித்துவிட்டு எலும்பைத் தொடாமலே போய்விடும். ஆகவே ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒரு குறையும் இல்லாத எலும்புக்கூட்டைக் கண்டால், அதற்குரியவர் திடமாக வாழ்ந்து ஏதோ விபத்தில் இறந்தவராகவும் இருக்கலாம், முதல் காய்ச்சலையே தாங்காதவராகவும் இருக்கலாம்.